ஃபார்மட் அடிப்பதற்கு முன்

எங்கள் பக்கம் கம்ப்யூட்டருக்கு எந்த நோவு வந்தாலும் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: "ஃபார்மட் அடிச்சு ஓ.எஸ். போட்டுருங்க." படம் ஓடாவிட்டாலும் அதுதான், பிரிண்டர் பேசாவிட்டாலும் அதுதான். பாளையங்கோட்டையில் கேட்டாலும் சரி, திருநெல்வேலி ஜங்ஷனில் கேட்டாலும் சரி, கடைத் தம்பிகள் தலையை நிமிர்த்தாமலே இதைச் சொல்வார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பல நோவுகள் அதில் தீரத்தான் செய்கின்றன. தீராத ஒன்றைப் பற்றி எனக்குச் சொல்ல இருக்கிறது.

நான் தொலைபேசித் துறையில் இருந்தவன். 2000 அக்டோபரில் அது பி.எஸ்.என்.எல். ஆனபோது என் சர்வீஸில் பெரும்பகுதி கழிந்திருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஸ்ட்ரௌஜர் எக்ஸ்சேஞ்ச். ஊரில் ஒருவர் எண்ணைச் சுழற்றினால் இங்கே செலக்டர் டக டகவென்று மேலே ஏறி, பக்கவாட்டில் திரும்பி, அந்த எண்ணைத் தேடும். அந்தச் சத்தத்திலேயே எந்த ரேக்கில் சிக்கல் என்று சொல்லிவிடும் கிழவர்கள் அங்கே இருந்தார்கள். எனக்கு அதெல்லாம் வராது. ஆனால் இடுப்பில் டெஸ்ட் போனைத் தொங்கவிட்டுக்கொண்டு சைக்கிளில் போகும்போது தெருவே என்னைத்தான் பார்க்கிறது என்று ஒரு மிதப்பு. தெரு பார்த்தது உண்மைதான். எங்கள் வீட்டு போன் எப்போது சரியாகும் என்று கேட்பதற்காகப் பார்த்தது.

எங்கள் சூப்பர்வைசருக்கு வாயில் எந்நேரமும் வெற்றிலை. பழுதுச் சீட்டு வந்ததும் சைக்கிளை எடுக்கப் போனால் கையைக் காட்டி நிறுத்துவார். "லைனைப் பிரிச்சுப் பாத்தியாடே?" ஊர் லைன்களெல்லாம் எக்ஸ்சேஞ்சில் வந்து சேரும் எம்.டி.எஃப். சட்டத்தில் லைனைப் பிரித்தால் பழுது எக்ஸ்சேஞ்ச் பக்கமா, வெளிப்பக்கமா என்று தெரிந்துவிடும். வெளிப்பக்கம் என்றால் அடுத்து தெருவோரப் பில்லரில் பிரிக்க வேண்டும். அப்புறம் வீடுகளுக்குப் பக்கத்திலுள்ள டி.பி. பெட்டியில். ஒவ்வொரு பிரிப்பிலும் பாதி ஊர் சந்தேகத்திலிருந்து கழிந்துவிடும். கடைசியில் ஐப்பசி மழை இறங்கிய ஒரு கேபிள் ஜாயின்ட் கையில் வந்து நிற்கும். அதைச் சரிசெய்ததும் வீட்டுக்குக் கிளம்பினால் அதற்கும் திட்டு விழும். "டோன் கேட்டியா? ரெண்டாவது ஃபால்ட் இருக்கான்னு பாத்தியா?" அவருக்கு வேறு வேலையே கிடையாதா என்று நாங்கள் முணுமுணுத்தது உண்டு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். என்னை விடச் சின்னவர், "அண்ணாச்சி" என்பார். நான் அவரை வாத்தியாரய்யா என்பேன். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்கென்றே ஒரு துறை உண்டு. அந்தக் காற்று பட்டதாலோ என்னவோ, இவரும் பள்ளிக்கூட நாட்களிலிருந்தே விடுமுறை கிடைத்தால் போதும், தாமிரபரணிக் கரை ஊர்களுக்குப் போய்க் கிழவிகள் பாடும் ஒப்பாரியும் தாலாட்டும் சேகரித்து வந்தார். முதலில் நோட்டுகளில் எழுதினார். பிறகு மடிக்கணினி வாங்கி அதில் தட்டினார். நோட்டுகளில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது. பாடியவர்களில் பலர் இப்போது இல்லை.

அந்த மடிக்கணினி 2012 வாக்கில் வாங்கியது. இரண்டாம் தலைமுறை ஐ3 சிப், நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 7 இருந்த இடத்தில் யாரோ விண்டோஸ் 10 போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டுப் பால் வாங்கி வந்து, காப்பி குடித்து, பேப்பரையும் புரட்டிவிட்டு வந்தால் திரை விரிந்திருக்கும். ஒரு கோப்பைத் திறக்கச் சொன்னால் யோசிக்கும். அவரும் அதற்குத் தகுந்தபடி தன் நாளை அமைத்துக்கொண்டார். எதைச் சொடுக்கினாலும் பதில் வராமல் நின்ற பிறகுதான் பெங்களூரில் இருக்கும் மகனிடம் சொன்னார்.

மகன் கெட்டிக்காரப் பையன், பாசக்காரனும்கூட. "ஓ.எஸ். போட்டா சரியாயிரும்ப்பா" என்று ஒரு பென் டிரைவ் தயார் செய்து கூரியரில் அனுப்பினான். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வாத்தியார் என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அங்கிருந்துதான் அந்த இயந்திரத்தின் பிடிவாதம் தொடங்கியது.

முதலில், பென் டிரைவைச் செருகியும் அது இருப்பதாகவே பூட் பட்டியலில் காட்டவில்லை. மகன் அதைத் தயாரித்தது தன்னுடைய புதுக் கணினிக்குத் தோதாக, யூ.ஈ.எஃப்.ஐ. முறையில். வாத்தியாரின் கணினிக்குத் தெரிந்தது பழைய பயாஸ் முறை மட்டும். எங்கள் தெருமுனைக்கு அடுத்த சந்தில் ஒரு சின்ன சர்வீஸ் கடை இருக்கிறது. அங்கிருந்த தம்பி ரூஃபஸ் என்ற மென்பொருளில் ஒரு தெரிவை மாற்றிப் போட்டு, அதே பென் டிரைவைப் பழைய பயாஸுக்கு ஏற்ற எம்.பி.ஆர். முறையில் எழுதிக் கொடுத்தார். காசு கேட்டதற்கு, "இதுக்கெல்லாம் என்ன ஐயா" என்றார்.

அடுத்து, பூட் வரிசையை மாற்றிச் சேமித்தாலும், மின்சாரத்தை எடுத்துப் போட்டதும் எல்லாம் பழையபடி ஆகிவிடும். கடிகாரம் 2012-க்குப் போய் நிற்கும். இணையத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பாதுகாப்புச் சான்றிதழ் சரியில்லை என்று சில மாதங்களாக வந்துகொண்டிருந்ததற்கும் இதுதான் காரணம். 2012-இல் நிற்கும் கடிகாரத்துக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் நடப்புக்கே வராத ஒன்று. மதர்போர்டில் காசளவில் ஒரு பேட்டரி இருக்கிறது, சி.ஆர்.2032 என்பார்கள். மூன்று வோல்ட். அது செத்துப்போயிருந்தது. வைரஸ் என்று நம்பி வாத்தியார் அதற்கு ஆன்டிவைரஸ் வேறு வாங்கிப் போட்டிருந்தார்.

பேட்டரியும் மாற்றியாயிற்று. இப்போது பென் டிரைவிலிருந்து விண்டோஸ் நிறுவி கிளம்பியது. கிளம்பி, சின்னம் சுற்றும் திரையிலேயே நின்றுவிட்டது. மறுபடி போட்டால் நீலத்திரை. இன்னொரு முறை மொழியைத் தேர்ந்தெடுக்கும் இடம் வரை வந்து உறைந்தது. போனில் மகனுக்குப் பொறுமை போய்விட்டது. "அதைத் தூக்கிப் போடுங்கப்பா, புதுசு வாங்கித் தாரேன்." வாத்தியார், "போட்டுரலாம்டே, என் ஒப்பாரி எல்லாம் அதுக்குள்ள கெடக்கு" என்றார். மகன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

உறைந்த திரைக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில், பேச்சுவாக்கில் கேட்டேன். "ஐயா, பாட்டெல்லாம் எங்க சேத்து வச்சிருக்கீங்க?"

"டெஸ்க்டாப்புலதான். தெறந்ததும் கண்ணு முன்னால இருக்கணும்லா?"

போனின் மறுமுனையில் சத்தமே இல்லை. கொஞ்சம் கழித்து மகன் மெல்லச் சொன்னான். "நான் டி டிரைவ்ல இருக்குன்னு நினைச்சேன்."

தெரியாதவர்களுக்காக இதை விளக்கிவிடுகிறேன். ஓ.எஸ். போடும்போது வழக்கமாக அழிப்பது சி டிரைவை. டி டிரைவில் இருப்பது தப்பிவிடும். திரையைத் திறந்ததும் தெரிகிற டெஸ்க்டாப் இருப்பது சி டிரைவுக்குள். மை டாக்குமென்ட்ஸும் அங்கேதான். கண்ணெதிரே இருப்பது பத்திரமாக இருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். வாத்தியாருக்கு ஓ.எஸ். போடுவது என்றால் இருக்கிற வீட்டுக்கு வெள்ளையடிப்பது என்ற எண்ணம். சுவரையே இடித்துக் கட்டுவது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. நிறுவி மட்டும் ஒழுங்காக ஓடியிருந்தால், மகன் சொன்ன பொத்தானை நாங்கள் இரண்டு கிழவர்களும் பயபக்தியோடு அமுக்கியிருப்போம்.

அதற்குப் பிறகு நான் நிறுவியைத் தொடவில்லை. வெற்றிலைக்காரர் நினைவுக்கு வந்தார். லைனைப் பிரித்தேன்.

அடிமூடியில் இரண்டு திருகு. கழற்றினால் ஹார்ட் டிஸ்க் ஒரு தகரச் சட்டத்தோடு வெளியே வந்தது. விசிறியின் வாயில் பஞ்சு பஞ்சாகத் தூசி. டிஸ்க் இல்லாத கணினியில், கடைத் தம்பி கொடுத்த லினக்ஸ் பென் டிரைவைச் செருகினேன். நிறுவாமல் அப்படியே ரேமில் ஓடும் வகை அது. டிஸ்க் இருந்தபோது கால் மணி நேரம் முக்கி முனகிய இயந்திரம், அது இல்லாமல் கடகடவென்று எழுந்து வந்துவிட்டது. வாத்தியார் வாயைப் பிளந்தார். போர்டு நன்றாக இருக்கிறது, திரை நன்றாக இருக்கிறது, ஆக வேகக்குறைவு டிஸ்க் பக்கம்தான் என்று தெரிந்தது. நான் திருப்தியாக எழுந்திருக்கப் போனேன். அப்போது பார்த்து லினக்ஸும் உறைந்தது.

ரெண்டாவது ஃபால்ட். எழுந்தவன் மறுபடி உட்கார்ந்தேன்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நின்றால் பென் டிரைவிலோ கோப்பிலோ கோளாறு என்று நினைக்கலாம். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நின்றால் ரேமைச் சந்தேகப்பட வேண்டும். அதில் இரண்டு ரேம் அட்டைகள் இருந்தன. இரண்டையும் கழற்றி, அழிரப்பரால் பொன்நிறப் பற்களைத் தேய்த்தேன். இந்த நாட்டில் ரேமுக்குச் செய்யும் முதல் மரியாதை அது. தேய்த்தும் பலன் இல்லை. ஒவ்வொன்றாகப் போட்டு மெமரி டெஸ்ட் ஓட்டினால், ஓர் அட்டை சுத்தமாகத் தேறியது, மற்றது திரை முழுக்கச் சிவப்பு வரிகளாகக் கொட்டியது. அதைத் தனியே எடுத்து வைத்தோம். மிஞ்சிய நான்கு ஜி.பி. போதும், ஒப்பாரிக்கு அதிகம் வேண்டாம்.

ஆக, பேட்டரி ஒரு காரணம், பென் டிரைவ் எழுதிய முறை ஒரு காரணம், ரேம் ஒரு காரணம், டிஸ்க் ஒரு காரணம். வெளியிலிருந்து பார்த்த எங்களுக்கு எல்லாம் சேர்ந்து ஒரே முரண்டாகத் தெரிந்திருக்கிறது. மனிதர்களிடமும் இப்படித்தான் ஏமாந்து போகிறோம் என்று தோன்றியது. எங்கள் பிரிவில் கேபிள் ஜாயின்டர் ஒருவர், சாயங்கால டியூட்டி என்றாலே முறைப்பார். திமிர் என்று எல்லாரும் முடிவு கட்டியிருந்தோம். அவருக்கு மாலைக்கண் என்பது அவர் ஓய்வுபெற்ற பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

டிஸ்க்கைத் தம்பியிடம் கொண்டு போனோம். அவர் தன் மேசைக் கணினியில் கேபிள் வழியே மாட்டி, ஸ்மார்ட் கணக்கைப் பார்த்தார். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் பதிவு அது. படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்கள் நிறைய இருந்தன. டிஸ்க் அப்படி ஓரிடத்தில் வந்து மாட்டினால் விடாது, அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கப் பார்க்கும். அதுவரை கணினி மொத்தமும் காத்து நிற்கும். வாத்தியார் காப்பி குடித்த நேரமெல்லாம் இதற்குத்தான் போயிருக்கிறது.

"செக்டிஸ்க் ஓட்டிப் பாப்பமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம் ஐயா. போற உசுரை அது இன்னும் வேகமாப் போக்கிரும். முதல்ல அப்படியே ஒரு நகல் எடுத்துருவோம்."

அவர் ஓட்டியது டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரல். கறுப்புத் திரையில் எண்கள் மட்டும் ஓடும், பார்க்க ஒன்றும் இல்லை. ஆனால் அது வேலை செய்யும் விதத்தை நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். முதல் சுற்றில் சுலபமாகப் படிக்க வருவதை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறது. சிக்கலான இடம் வந்தால் மல்லுக்கட்டாமல் குறித்து வைத்துவிட்டுத் தாண்டிவிடுகிறது. முழுதும் முடிந்த பிறகே குறித்த இடங்களுக்குத் திரும்பி வந்து, ஓரங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுகிறது. எதுவரை முடிந்தது என்று ஒரு வரைபடக் கோப்பு எழுதி வைப்பதால், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். வாத்தியார் பார்த்துவிட்டு, "முப்பது வருசமா பரீட்சைக்கு முந்தின நாள் நான் பிள்ளைகளுக்குச் சொன்னது இதைத்தான் அண்ணாச்சி. ஒருத்தனும் கேட்டதில்ல" என்றார்.

டிஸ்க்கின் பெரும்பகுதி அன்று இரவுக்குள் வந்துவிட்டது. எஞ்சிய துளிக்கு அதைவிட அதிக நேரம் ஆயிற்று. நகலை வைக்கத் தம்பி தன்னுடைய எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் சொந்தப் படங்களை நகர்த்தி இடம் செய்திருந்தார். கேட்டு வாங்கியதில்லை, அவராகச் செய்தது. முடிவில் மீளாமல் போனது சிறிதளவே. அதுவும் விண்டோஸுக்குச் சொந்தமான கோப்புகளில்.

பழைய டிஸ்க் இருந்த இடத்தில் சின்ன எஸ்.எஸ்.டி. ஒன்று ஏறியது. எந்த ஓ.எஸ். என்ற கேள்வி வந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தன. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி இந்தக் கணினியில் கிடையாது. இன்டெல் சிப் என்றால் அது எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ எதிர்பார்க்கிறது. குறுக்கு வழிகள் உண்டு, ஆனால் இந்த வயதில் ஒரு கணினியை ஏமாற்றி வேலை வாங்க எனக்கு விருப்பமில்லை. லினக்ஸ் மின்ட், அதிலும் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டோம். லினக்ஸ் நமக்குப் புதிதும் அல்ல. 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்குத் தரத் தொடங்கிய மடிக்கணினிகளில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்தேதான் வந்தது. எனக்குத் தெரிந்த பிள்ளைகளில் அதைத் திறந்து பார்த்தவர் குறைவு.

புது ஓ.எஸ். முரண்டு பிடிக்காமல் ஏறிற்று. பாட்டுக் கோப்புகளை நகலிலிருந்து கொண்டுவந்து முதல் கோப்பைத் திறந்தோம். திரை முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை. 'தமிழ்' என்ற சொல் இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, பக்கத்தில் ஓர் அரைப்புள்ளி. வாத்தியார் முகம் சுருங்கிப் போயிற்று.

அவர் தட்டியதெல்லாம் பாமினி எழுத்துருவில். அது பெரும்பாலும் பழைய தட்டச்சுப் பலகையின் வரிசையிலேயே அமைந்தது. டைப்ரைட்டிங் பாஸ் செய்தவர்களுக்குக் கை தானாக ஓடும். ஆனால் கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகள்தாம். பாமினி என்ற கண்ணாடியைப் போட்டால்தான் அவை தமிழாகத் தெரியும். அந்தக் கண்ணாடி கோப்போடு வருவதில்லை, விண்டோஸின் ஃபான்ட்ஸ் அடைவில் தனியே கிடக்கிறது. டெஸ்க்டாப்பை மட்டும் நகல் எடுத்திருந்தால் அதைத் தேடி அலைய வேண்டியிருந்திருக்கும். டிஸ்க் முழுவதையும் தம்பி எடுத்து வைத்திருந்ததால், உள்ளே போய் அந்த ஒரு கோப்பை எடுத்துப் போட்டோம். பாட்டு தமிழாக மாறியது. "ஆத்தா" என்று தொடங்கும் ஓர் ஒப்பாரி. வாத்தியார் முதல் இரண்டு அடிகளை மெல்ல முணுமுணுத்துவிட்டு, மேலே படிக்காமல் கோப்பை மூடினார்.

இப்போது அவர் அந்தக் கோப்புகளை ஒவ்வொன்றாக, கோப்புக்குள்ளேயே தமிழ் எழுத்தாகப் பதியும் யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார். புதிதாகத் தட்டுவதற்குப் பழைய தட்டச்சு வரிசையே லினக்ஸில் யூனிகோடாகக் கிடைக்கிறது, கை பழகிய பழக்கத்தை விட வேண்டியதில்லை. பெங்களூர் மகன் வாரம் ஒருமுறை ஒரு பிரதியைத் தன்னிடம் வாங்கி வைத்துக்கொள்கிறான். தம்பி கடைசிவரை எஸ்.எஸ்.டி.க்கும் பேட்டரிக்கும் மட்டுமே காசு வாங்கினார்.

படிக்கிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பழைய கணினியில் பாமினியிலோ வானவில்லிலோ வேறு எந்தப் பழைய எழுத்துருவிலோ தட்டிய கோப்புகள் இருந்தால், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே கோப்புகளையும் எழுத்துருவையும் சேர்த்து இரண்டு இடங்களில் பிரதி எடுத்துவிடுங்கள். முடிந்தால் யூனிகோடுக்கும் மாற்றுங்கள். என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. கடைக்குக் கொடுக்கும்போது, டெஸ்க்டாப்பில் என்ன இருக்கிறது என்பதை முதலில் சொல்லுங்கள், ஃபார்மட் பேச்சு அதற்கு அப்புறம்.